பெயர் சொல்லாமை: ஏபிரஹாம் பொலொன்ஸ்கியின் கலைவாழ்வை முன்னிறுத்தி ஓர் அறவியல் நோக்கு

கலைஞனின் முதற்கடமை யாருக்குரியது என்னும் வினா பழையது. அவன் தன் கலைக்கே முதலிற் கடமைப்பட்டவன், ஏனைய கடமைகள் யாவும் அதற்குப் பின்னர் எழுவனவே என்பாரும் உளர். கலைஞனும் ஏனையோரைப் போல ஒரு மனிதனே, அவனுக்கெனத் தனியானதோர் அறம் இல்லை என்பாரும் உளர். பொதுநிலையில் வைத்து வாதிடுமிடத்து இவ்விரு கட்சிகளும் ஒன்றையொன்று வெல்வதில்லை. ஆயின், வரலாறு சிலவேளைகளிற் குறிப்பிட்ட சிலரை ஒரு மேசையின் முன் இருத்தி, குறிப்பிட்ட ஒரு நாளில், விடை கூறுமாறு பணித்துவிடுகின்றது. 1951ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, அமெரிக்கப் பிரதிநிதிகள் சபையின் அமெரிக்க விரோத நடவடிக்கைகளுக்கான குழுவின் முன் தோன்றிய ஏபிரஹாம் பொலொன்ஸ்கி என்னும் திரைக்கதாசிரியருக்கு நேர்ந்தது அதுவே. கம்யூனிஸ்ட் கட்சியுடன் அவருக்கிருந்த தொடர்பையும், அக்கட்சியில் அவருடனிருந்தோர் பெயர்களையும் குழு கேட்டது. அவர் விடை கூற மறுத்தார். அதன்பின் 17 ஆண்டுகள் எந்த அமெரிக்கத் திரைப்படத்திலும் அவர் பெயர் இடம்பெறவில்லை. 1948இல் தமது முதற்படத்தை நெறிப்படுத்தியவர் இரண்டாவது படத்தை நெறிப்படுத்தியது 1969இல்.

இவ்வரலாற்றைக் கூறுவோர் பெரும்பாலும் அதனை ஒரு வீரகதையாகவே கூறுவர். வீரகதைக்குரிய அமிசங்கள் அதில் இல்லாமலில்லை. எனினும், வீரகதையாகக் கூறும்போது அதனுள் இருக்கும் மெய்யான சிக்கல் மறைந்துவிடுகின்றது. அச்சிக்கலைக் காண்பதற்குப் பொலொன்ஸ்கியைத் தனியே நோக்காது, அவருடன் ஒரே படத்திற் பணிபுரிந்த றொபேட் றொசனையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும்.

பொலொன்ஸ்கி 1910இல் நியூயோர்க்கிற் பிறந்தவர். ரஷ்யாவிலிருந்து குடிபெயர்ந்த யூதக் குடும்பத்தவர். மருந்துக்கடைக்காரர் ஒருவரின் மகன். நியூயோர்க் நகரக் கல்லூரியிலும் பின்னர் கொலம்பியாப் பல்கலைக்கழகத்திற் சட்டமும் பயின்றார். சட்டத்தரணியாகத் தொழில் புரிந்தவாறே நகரக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் கற்பித்தார். வானொலி நாடகங்களும் எழுதினார். முப்பதுகளின் பொருளாதார மந்தம் அத்தலைமுறையினர் பலரை இட்டுச்சென்ற வழியிலேயே இவரையும் கம்யூனிஸ்ட் கட்சிக்கு இட்டுச்சென்றது. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவின் இரகசிய உளவுச்சேவையில் இணைந்து ஐரோப்பாவிற் பணியாற்றினார். போர் முடிந்து ஹொலிவூட்டுக்கு வந்தபோது அவருக்கு வயது முப்பத்தைந்தை அண்மித்திருந்தது.

1947இல் வெளிவந்த ‘பொடி அன்ட் சோல்’ என்னும் குத்துச்சண்டைப் படமே அவரை நிலைநிறுத்தியது. உடலும் ஆன்மாவும் என்பது அத்தலைப்பின் பொருள். திரைக்கதை பொலொன்ஸ்கியுடையது, நெறியாள்கை றொசனுடையது, கதைநாயகன் ஜோன் கார்பீல்ட். நியூயோர்க்கின் வறிய யூதச் சேரியொன்றிற் பிறந்த சார்லி டேவிஸ் என்னும் இளைஞன் குத்துச்சண்டை வீரனாகிச் சம்பியன் பட்டமும் பெறுகிறான். அப்பட்டத்தோடு அவனும் றொபேட்ஸ் என்னும் சூதாட்டத் தலைவனின் உடைமையாகிவிடுகிறான். இறுதிப் போட்டியிற் பணத்துக்காகத் தோற்றுவிட ஒப்புக்கொள்ளும் அவன், மேடையில் நிற்கும்போது மனம்மாறி வென்றுவிடுகிறான். அவனது சேரி மக்கள் தம்மிடமிருந்த சில்லறைக் காசையெல்லாம் அவன் வெல்வான் என்று நம்பிப் பந்தயம் கட்டியிருந்தனர் என்பது இங்கு முக்கியமானது. அவன் காப்பாற்றியது தன் மானத்தை மட்டுமன்று.

இப்படத்தின் முடிவு குறித்து எழுத்தாளருக்கும் நெறியாளருக்கும் இடையே முரண்பாடு எழுந்தது. வென்ற சார்லி கூலிக்கொலையாளிகளாற் சுடப்பட்டுக் குப்பைத் தொட்டிகளினிடையே வீழ்ந்து மடிய வேண்டும் என்பது றொசனின் எண்ணம். சார்லி உயிருடன், றொபேட்ஸின் மிரட்டலைப் பொருட்படுத்தாது, காதலியோடு தெருவில் நடந்துசெல்ல வேண்டும் என்பது பொலொன்ஸ்கியின் எண்ணம். பொலொன்ஸ்கியின் முடிவே படத்தில் நிலைத்தது. மறுப்பவன் அழிந்தேயாக வேண்டும் என்று ஒருவரும், மறுத்தபின்னும் வாழலாம் என்று மற்றவரும் கருதியிருந்தனர் என இதனைப் பொருள்கொள்ள மனம் தூண்டப்படும். பின்னர் நடந்தவற்றை முன்கூட்டியே ஒரு படத்தில் ஏற்றிப் படித்தல் விமரிசகர்களுக்குப் பிடித்தமான விளையாட்டு; அதில் எச்சரிக்கை தேவை. எனினும், நான்கு ஆண்டுகளின் பின் அவ்விருவருக்கும் அதே தெரிவு மெய்யாகவே வந்து சேர்ந்தது என்பதை எவரும் மறுக்க முடியாது.

அப்படத்திற் பங்குகொண்டோரின் பிற்கால வரலாறு துயரமானது. சார்லியின் தாயாக நடித்த ஆன் றிவியர் குழுவுக்கு விடைகூற மறுத்துத் திரையுலகிலிருந்து நீண்டகாலம் ஒதுக்கப்பட்டார். மூளையிற் காயமுற்ற முன்னாள் வீரனாக நடித்த கறுப்பின நடிகர் கனடா லீயும் வாய்ப்புகள் மறுக்கப்பட்டு 1952 மே மாதத்தில் இறந்தார். அதே மாதம் 21ஆம் திகதி கார்பீல்ட் மாரடைப்பால் இறந்தார், வயது 39. பொலொன்ஸ்கி குழுவின் முன் தோன்றுவதற்கு இரு நாட்களின் முன்னர்தான் கார்பீல்டும் அங்கு தோன்றியிருந்தார். தமக்குக் கம்யூனிஸ்டுகள் எவரையும் தெரியாது என்று அவர் கூறினார். அது பெயர் கூறவும் விரும்பாது, வெளிப்படையாக மறுக்கவும் துணியாது நின்ற ஒருவரின் விடை. அது அவரைக் காப்பாற்றவில்லை.

1948இல் பொலொன்ஸ்கி தாமே எழுதி நெறிப்படுத்திய ‘ஃபோர்ஸ் ஒஃப் ஈவில்’ வெளிவந்தது. ஐறா வூல்ஃபேட்டின் நாவலொன்றைத் தழுவியது அது. வோல்ஸ்றீற்றில் அலுவலகம் வைத்திருக்கும் சட்டத்தரணி ஜோ மோர்ஸ், ‘எண் சூது’ நடத்தும் கும்பலொன்றின் ஆலோசகன். வறியோர் நாள்தோறும் மூன்று இலக்கங்களின்மீது சில சதங்களைப் பந்தயம் கட்டும் சூது அது. சுதந்திர தினமான ஜூலை 4ஆம் திகதியன்று மக்கள் மரபாக 776 என்னும் இலக்கத்தையே தெரிவர். அன்று அதே இலக்கம் வெல்லுமாறு செய்துவிட்டாற் சிறிய சூதுக்காரர் அனைவரும் பணம் கொடுக்க முடியாது நொடித்துப்போவர். பெரிய கும்பல் அவர்களை விழுங்கிவிடலாம். இது ஏகபோக முதலாளித்துவத்தின் வளர்ச்சி பற்றிய பாடம் என்பதை விளங்கிக்கொள்ளப் பொருளியற் பட்டம் தேவையில்லை. ஆனால், படம் பாடநூலாகிவிடவில்லை. காரணம், அச்சிறிய சூதுக்காரருள் ஒருவன் ஜோவின் மூத்த தமையன் லியோ. தம்பியைப் படிக்கவைப்பதற்காகத் தன் வாழ்வைத் தேய்த்தவன். இரு சகோதரருக்கும் இடையிலான உரையாடல்கள் ஏறக்குறையச் செய்யுளின் ஓசையில், ஒரே சொல் மீண்டும் மீண்டும் சுழன்றுவர அமைந்தவை. அக்கால ஹொலிவூட் படங்களில் அவற்றுக்கு நிகரானவை அரிது. படம் வெளிவந்த வேளையில் அதனைக் கவனித்தோர் சிலரே. 1994இல் அமெரிக்கத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

அறவியல் நோக்கில் இப்படத்தின் இரு பாத்திரங்கள் கவனத்துக்குரியன. ஒருவன் லியோவின் கணக்காளன் பவர். அச்சத்தால் நடுங்கும் எளிய மனிதன். விலகிச்செல்ல விரும்பியும் விடப்படாத அவன், முதலில் பொலிஸாருக்கும் பின்னர் எதிர்க்கும்பலுக்கும் தகவல் கொடுக்கிறான். அதனால் லியோவின் சாவுக்கும் தன் சாவுக்கும் காரணமாகிறான். காட்டிக்கொடுப்போன் ஒருவனை இத்துணை இரக்கத்துடன் சித்திரித்தவர் பின்னர் அத்தகையோராற் பாதிக்கப்பட்டவர் என்பது நோக்கத்தக்கது. மற்றவன் ஜோ. தமையனின் உடலைத் தேடிப் பாலத்தின் அடியிலுள்ள ஆற்றங்கரைப் பாறைகளுக்கு இறங்கிச் செல்லும் அவன், இறுதியில் அரச வழக்குத்தொடுநரிடம் சென்று அனைத்தையும் சொல்ல முடிவு செய்கிறான். அதாவது, மறுத்தலின் அடையாளமாகப் போற்றப்படும் பொலொன்ஸ்கியின் தலைசிறந்த படைப்பு, அதிகாரிகளிடம் பேச முடிவு செய்யும் ஒருவனோடு நிறைவுறுகின்றது.

இது முரண்பாடா? அன்று. ஜோ சொல்லப்போவது தான் செய்த குற்றங்களை. தானும் உடந்தையாயிருந்து நிகழ்ந்த ஒரு கொலையின் காரணங்களை. அவன் கொடுப்பது தன்னுடையது. 1951இல் வொஷிங்டனிற் கேட்கப்பட்டதோ வேறு. தமிழில் ‘காட்டிக்கொடுத்தல்’ என்னும் சொல்லிற் காட்டுதல், கொடுத்தல் என்னும் இரு வினைகள் இணைந்துள்ளன. காட்டுவதில் மட்டும் இழிவில்லை. வழி காட்டுகிறோம், சான்று காட்டுகிறோம். இழிவு கொடுத்தலில் இருக்கிறது. கொடுப்பவனுக்கு உரிமையில்லாத ஒன்று, மற்றொருவனின் வாழ்வு, அங்கே கைமாறுகின்றது. பெறுபவன் அதற்கு விலையும் தருகின்றான்.

இவ்வேறுபாட்டை அக்கால அமெரிக்கச் சட்டம் அறிந்திருக்கவில்லை என்பது இவ்வரலாற்றின் விசித்திரமான பகுதி. 1947இல் குழுவின் முன் தோன்றிய ‘ஹொலிவூட் பதின்மர்’, பேச்சுச் சுதந்திரத்துக்கு உறுதியளிக்கும் முதலாவது அரசியலமைப்புத் திருத்தத்தை நம்பி விடைகூற மறுத்தனர். அவர்கள் பேரவையை அவமதித்தோராகத் தண்டிக்கப்பட்டு 1950இற் சிறை சென்றனர். ஆகவே, 1951இல் வந்தோருக்கு எஞ்சியிருந்தது, தனக்கு எதிராகத் தானே சாட்சி கூறுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது என்னும் ஐந்தாவது திருத்தம் மட்டுமே. அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. தன்னைப் பற்றிய வினாவுக்கு விடை கூறிவிட்டவன் மற்றவர்களைப் பற்றிய வினாவுக்கு மறுக்கும் உரிமையை இழந்துவிடுவான் என அவ்வாண்டு பெப்ரவரியில் உச்ச நீதிமன்றம் றொஜேர்ஸ் வழக்கில் தீர்ப்பளித்திருந்தது. இதனால், ‘என்னைப் பற்றிக் கேளுங்கள், சொல்கிறேன், நண்பர்களைப் பற்றிச் சொல்லமாட்டேன்’ என்னும் எளிய மனித நிலைப்பாட்டுக்குச் சட்டத்தில் இடமில்லாது போயிற்று. நாடகாசிரியர் லிலியன் ஹெல்மன் 1952இல் ஏறக்குறைய இவ்வாறே குழுவுக்கு எழுதி வேண்டினார், குழு இணங்கவில்லை. நண்பனைக் காக்க விரும்பியவன் தன்னைக் காத்துக்கொள்பவனைப் போலத் தோற்றமளிக்க நேர்ந்தது. சட்டம் பயின்றவரான பொலொன்ஸ்கி இதனை நன்கறிந்தே ஐந்தாவது திருத்தத்தைப் பயன்படுத்தினார்.

அவரது விசாரணையின்போது, போர்க்காலத்தில் உளவுச்சேவையில் அவருடன் பணியாற்றியோரின் பெயர்களையும் குழு கேட்க முற்பட்டது. இலினோய் மாநிலப் பிரதிநிதியான ஹரல்ட் வெல்டே அவரை மிக ஆபத்தான குடிமகன் என்று வருணித்தார். நாட்டுக்காகப் போரில் உயிரைப் பணயம் வைத்த ஒருவர் இவ்வாறு அழைக்கப்பட்டமை பற்றி அதிகம் கூறவேண்டியதில்லை. அவரைக் கட்சியுறுப்பினரெனப் பெயர் குறிப்பிட்டோருள் நடிகர் ஸ்டேர்லிங் ஹேடனும் ஒருவர். அவரும் போர்க்காலத்தில் அதே உளவுச்சேவையைச் சேர்ந்திருந்தவர். ஹேடன் 1963இல் வெளியிட்ட சுயசரிதையில் தமது அச்செயலைத் தாமே வெறுத்து எழுதினார். பெயர் கூறியோருள் அவ்வாறு வெளிப்படையாக எழுதியவர்கள் மிகச் சிலர்.

இனி றொசன். 1951 ஜூனில் அவர் முதன்முறை குழுவின் முன் தோன்றியபோது பெயர் எதனையும் கூறவில்லை. 1949ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதை வென்ற ‘ஓல் த கிங்ஸ் மென்’ படத்தின் நெறியாளர் அவர். அத்தகையவருக்கும் வாயில்கள் மூடப்பட்டன. ஏறக்குறைய ஈராண்டுகள் தொழில் இல்லை. 1953 மே மாதத்தில் அவர் மீண்டும் குழுவின் முன் சென்று 50க்கும் மேற்பட்டோரின் பெயர்களைக் கூறினார். அப்போது அவர் முன்வைத்த நியாயம் ஊன்றிக் கவனிக்கத்தக்கது. நாட்டின் பாதுகாப்பு என்னும் பெரிய விடயத்துக்கு எதிராகத் தனது சொந்த ஒழுக்கத்தை நிறுத்தும் ஆடம்பரம் எந்தத் தனிமனிதனுக்கும் தகாது என்பது அதன் சாரம்.

இதனைக் கோழையொருவனின் சாக்குப்போக்கு எனத் தள்ளிவிடல் எளிது. தள்ளிவிடலாகாது. ஏனெனில், தனிமனித மனச்சாட்சி என்பது தன்னைத் தூய்மையாக வைத்துக்கொள்ள விரும்பும் நடுத்தர வர்க்கத்தானின் ஆடம்பரமே என்னும் கருத்தை முதலில் உரக்கக் கூறியோர் மார்க்சியர்களே. கூட்டு நலனுக்குத் தனியொருவன் அடங்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினரிடம் எதிர்பார்த்தது. 1946இல் எழுத்தாளர் அல்பேர்ட் மோல்ட்ஸ், கலைப்படைப்பை எழுத்தாளனின் அரசியலைக் கொண்டு அளவிடலாகாது என்று எழுதியபோது கட்சியினர் அவரைக் கடுமையாகத் தாக்கினர். சில வாரங்களில் அவர் தம் கருத்தைப் பகிரங்கமாகத் திரும்பப் பெற்றார். றொசன் 1953இற் கூறிய வாக்கியம், கட்சி என்ற இடத்தில் நாடு என்ற சொல்லைப் பெய்தால் கிடைக்கும் அதே வாக்கியந்தான். ஒரு பீடத்திலிருந்து இறங்கி மற்றொரு பீடத்தை வணங்கிய போதிலும் வணங்கும் முறையை அவர் மாற்றிக்கொள்ளவில்லை.

பொலொன்ஸ்கியோ மோல்ட்ஸ் விவகாரத்தில் அவரை ஆதரித்துப் பேசிய மிகச் சிலருள் ஒருவர். இவ்விடயம் அவரது பிற்கால மறுப்பை விளங்கிக்கொள்ளப் பெரிதும் உதவுகின்றது. கட்சிக் கட்டுப்பாட்டின் காரணமாகவே அவர் குழுவை எதிர்த்தார் என்பது பொருந்தாது. கட்சிக்கும் அவர் முற்றாக அடங்கியிருக்கவில்லை. அதேவேளை, மனச்சாட்சி என்னும் உள்ளொளியைப் பெரிதாகப் பேசியவரும் அல்லர் அவர். அவரது மறுப்பு நின்ற நிலம் இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது: ஒரே அறையில் அமர்ந்து வாதிட்டவர்கள், ஒருவரையொருவர் நம்பிப் பேசியவர்கள் என்னும் உறவு. நாட்டுக்கும் நண்பனுக்கும் இடையே தெரிவு செய்ய நேர்ந்தால் நண்பனையே தெரிய வேண்டும் என்ற பொருள்பட 1938இல் ஈ. எம். ஃபோஸ்டர் எழுதியதுண்டு. ஆனால், ஃபோஸ்டரின் தெரிவைப் பொலொன்ஸ்கிக்குப் பொருத்துவதும் முற்றிலும் சரியாகாது. பெயர்களைப் பெற்றதனால் நாடு பாதுகாப்படைந்தது என்று நம்புவதற்குச் சான்று எதுவுமில்லை.

இங்கே பெயர் கூறியோர் வழமையாக எடுத்துரைக்கும் ஒரு வாதத்தை நோக்க வேண்டும். குழுவிடம் பெயர்கள் ஏற்கெனவே இருந்தன. பலரும் முன்னரே பிறராற் குறிப்பிடப்பட்டவர்கள். ஆகவே மீண்டும் கூறியதால் எவருக்கும் புதிய தீங்கு நேரவில்லை என்பது அவ்வாதம். செய்தி பெரும்பாலும் உண்மையே. ஆனால், அதிலிருந்து பெறப்படும் முடிவு நேரெதிரானது. தகவல் தேவையில்லாத ஓர் அமைப்பு ஏன் தகவல் கேட்டது? விக்ரர் நவாஸ்கி 1980இல் வெளியிட்ட ஆய்வு நூல் காட்டுவதுபோல, குழு நாடியது தகவலையன்று. சாட்சி பலர்முன் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் சடங்கையே. கொடுக்கப்படும் பொருளுக்கு மதிப்பில்லையெனிற் கொடுத்தல் என்னும் செயலே கொள்முதல் செய்யப்படுகிறது. பெயரைக் கூறுபவன் அந்த அமைப்பு இவ்வாறு கேட்கும் உரிமையுடையது என்பதற்குக் கையொப்பமிடுகிறான். தீங்கு நேரவில்லை என்னும் வாதம் அவனைக் காப்பாற்றுவதற்குப் பதிலாக, அவன் இணங்கியதற்கு வேறு எந்தக் காரணமும் இருக்கவில்லை என்பதையே காட்டிவிடுகின்றது.

அறம்சார் விமரிசகர்களுக்குச் சங்கடம் தரும் செய்தி இனித்தான் வருகிறது. பெயர் கூறிய றொசன் 1961இல் ‘த ஹஸ்லர்’ என்னும் படத்தை எழுதி, தயாரித்து, நெறிப்படுத்தினார். பில்லியர்ட் ஆட்டக்காரன் ஒருவனின் வெற்றியும் இழிவும் பற்றிய அப்படம் ஒன்பது ஒஸ்கார் பரிந்துரைகளைப் பெற்றது. அமெரிக்கத் திரைப்படங்களிற் குறிப்பிடத்தக்க ஒன்றாக இன்றும் மதிக்கப்படுகிறது. தன்னை நேசித்த பெண்ணை வெற்றிக்காகக் கைவிட்டு, அவள் இறந்தபின் தான் விற்றது எதுவென உணரும் ஒருவனைப் பற்றிய கதை அது. 1952இற் பெயர் கூறிய எலியா கசான் 1954இல் ‘ஒன் த வோட்டர்ஃப்றன்ட்’ படத்தை அளித்தார்; எட்டு ஒஸ்கார் விருதுகள். காட்டிக்கொடுத்தவனின் கலை வாடிவிடும், மறுத்தவனின் கலை தழைக்கும் என்று நம்ப விரும்புவோருக்கு வரலாறு துணைசெய்யவில்லை. நிகழ்ந்தது பெரும்பாலும் மறுதலையே. பொலொன்ஸ்கியின் முப்பத்தொன்பதாம் வயதிலிருந்து ஐம்பத்தெட்டாம் வயது வரையிலான காலம், ஒரு நெறியாளரின் கனிந்த பருவம், வெறுமையாய்க் கிடக்கிறது. ‘ஃபோர்ஸ் ஒஃப் ஈவில்’ போன்ற இன்னும் ஐந்தாறு படங்கள் வந்திருக்கக்கூடும். அவை இல்லை. அந்த நட்டம் அவருக்கு மட்டும் உரியதன்று; பார்வையாளருக்கும் உரியது.

ஆங்கில மெய்யியலாளர் பேர்னாட் வில்லியம்ஸ், 1976இல் ‘அறவியல் அதிர்ஷ்டம்’ பற்றி எழுதிய கட்டுரையில், ஓவியன் கோகானை ஒத்த ஒருவனைக் கற்பனை செய்கிறார். குடும்பத்தைக் கைவிட்டுத் தொலைதூரத் தீவுக்கு ஓவியம் தீட்டச் செல்லும் ஒருவனை நியாயப்படுத்தக்கூடியது ஏதுமிருப்பின், அது அவன் ஓவியனாக வெற்றி பெறுவது மட்டுமே. அவ்வெற்றியோ முன்கூட்டி அறிய முடியாதது என்பது அவர் வாதம். அவ்வாறாயின் ‘த ஹஸ்லர்’ றொசனை நியாயப்படுத்துகிறதா? வில்லியம்ஸ் மிகக் கவனமாக இன்னொன்றையும் கூறுகிறார்: அத்தகைய வெற்றி, கைவிடப்பட்டோரிடம் எடுத்துச்சென்று காட்டத்தக்க நியாயமாகாது, அவர்கள் குறைகூறும் உரிமை அப்படியே இருக்கும். கோகானின் மனைவி ஓவியத்தை மெச்சலாம். அதனால் அவள் தன் முறைப்பாட்டைக் கைவிடக் கடமைப்பட்டவள் அல்லள். றொசனின் படத்தை மெச்சும் எவரும், அதன்பொருட்டு அவராற் பெயர் கூறப்பட்ட ஐம்பதுக்கும் மேற்பட்டோரின் சார்பில் அவரை மன்னித்துவிட முடியாது. படம் நல்ல படம். கணக்கு தனிக் கணக்கு.

பொலொன்ஸ்கியின் மறுப்பை, அது அவரை மேலான கலைஞராக்கியது என்று கூறி நியாயப்படுத்துவோர் அவருக்கு உதவி செய்வதில்லை. அவரைப் படம் இல்லாத கலைஞராகவே அது ஆக்கியது. அச்செயல் சரியானதெனின், அந்த நட்டத்தோடு சேர்த்தே சரியானதாக இருக்க வேண்டும்.

ஒதுக்கப்பட்ட ஆண்டுகளில் அவர் வாளாவிருக்கவில்லை. நியூயோர்க்குக்குத் திரும்பி, வோல்ற்றர் பேர்ண்ஸ்டைன், ஆர்னல்ட் மனொஃப் ஆகியோருடன் இணைந்து ‘யூ ஆர் தெயர்’ என்னும் தொலைக்காட்சித் தொடரை எழுதினார். மூவரும் கறுப்புப் பட்டியலில் இருந்தோர். ஆகவே வேறு ஆட்களின் பெயர்களிலேயே எழுத்துகள் சமர்ப்பிக்கப்பட்டன. வரலாற்று நிகழ்ச்சியொன்றை இன்றைய செய்தியாளர்கள் நேரிற் சென்று விவரிப்பதுபோல அமைந்த அத்தொடரிற் சோக்கிரதீசின் மரணம், கலிலியோவின் நெருக்கடி, சேலம் நகரின் சூனியக்காரி விசாரணைகள் ஆகியன இடம்பெற்றன. அமெரிக்கா முழுவதும் குடும்பங்கள் ஞாயிறுதோறும் தம் வரவேற்பறைகளில் இவற்றைக் கண்டு களித்தன. எழுதியவர் யார் என்பதையோ, எதைப் பற்றி எழுதினார் என்பதையோ பலர் ஐயுறவில்லை. ஒடுக்குமுறை அறிவுக்கூர்மை மிக்கது என்று அஞ்சுவோர் இதனை நினைவிற் கொள்ளலாம்.

ஆனால், இம்மறைவுப் பெயர் வாழ்க்கையிலும் ஓர் அறச்சிக்கல் உண்டு. 1959இல் றொபேட் வைஸ் நெறிப்படுத்திய ‘ஒட்ஸ் அகெய்ன்ஸ்ட் டுமாறோ’ படத்தைப் பொலொன்ஸ்கி எழுதினார். ஹரி பெலஃபொன்டேயின் நிறுவனம் தயாரித்த அப்படத்திற் கறுப்பின நாவலாசிரியர் ஜோன் கிலென்ஸின் பெயர் திரைக்கதாசிரியருள் ஒருவராக இடம்பெற்றது. பெயர் இரவல் கொடுத்தவர் நட்பினாற் கொடுத்தார். பெற்றவர் பிழைப்புக்காகப் பெற்றார். எனினும், தாம் எழுதாத ஒன்றுக்குரிய பாராட்டையோ பழியையோ தாங்கிக்கொண்டு ஒருவர் ஆண்டுக்கணக்கில் வாழவேண்டியிருந்தது. பிறர் பெயரைக் கொடுக்க மறுத்தவர் பிறர் பெயருக்குப் பின்னால் வாழ நேர்ந்ததில் முரண் இருக்கிறது. குற்றம் இருப்பதாகக் கொள்ள முடியாது. அங்கே கொடுத்தவர் தம்முடையதைக் கொடுத்தார், தாமே விரும்பிக் கொடுத்தார். திரைக்கதாசிரியர் சங்கம் 1990களில் அப்படத்துக்குரிய பெயரைப் பொலொன்ஸ்கிக்கு மீட்டளித்தது.

1968இல் ‘மடிகன்’ படத்தின் எழுத்தாளருள் ஒருவராக அவர் பெயர் மீண்டும் திரையில் தோன்றிற்று. மறுவருடம் அவர் எழுதி நெறிப்படுத்திய ‘டெல் தெம் வில்லி போய் இஸ் ஹியர்’ வந்தது. 1909இற் கலிபோர்னியாவில் ஒரு செவ்விந்திய இளைஞன் துரத்தி வேட்டையாடப்பட்ட உண்மை நிகழ்ச்சியை ஒட்டியது. முடிவில் அவன் துப்பாக்கியை உயர்த்துகிறான், அதிகாரி சுடுகிறான், துப்பாக்கியில் ரவையே இருக்கவில்லை என்பது பின்னர் தெரியவருகிறது. நல்ல படம், ஆயினும் 1948இன் செறிவு அதில் இல்லை. 1971இல் இன்னொரு படம். அத்துடன் நெறியாள்கை முடிந்தது. பிற்காலத்திற் பல்கலைக்கழகத்தில் திரைப்படம் கற்பித்தார். 1999 ஒக்டோபரில் 88ஆவது வயதிற் காலமானார்.

அவரைத் துறவியாக்கிவிட வேண்டியதில்லை. சோவியத் நாட்டில் நடந்த கொடுமைகளை அவரது தலைமுறையினர் காண மறுத்த காலம் நீண்டது. 1956இல் குருஷேவ் ஸ்டாலினைப் பற்றிப் பேசும்வரை காத்திருக்காது கண்டிருக்கக்கூடியவை பல. இறப்பதற்குச் சில மாதங்களுக்கு முன், கசானுக்குச் சிறப்பு ஒஸ்கார் விருது வழங்கப்பட இருந்தபோது, விழாவில் யாரேனும் கசானைச் சுட்டுவிட்டாற் சலிப்பூட்டும் இரவு சுவைபெறும் என்ற கருத்திற் பகிடி செய்தார். நாற்பத்தேழு ஆண்டுகளின் பின்னும் ஆறாத சினம் அது. அப்பகிடி அழகானதன்று. ஆனால், மன்னித்தலும் அவரவர் தாமே கொடுக்க வேண்டியது. விருதுக் குழுவொன்று அவர்கள் சார்பில் அதனைக் கொடுத்துவிட முயன்றதே அச்சினத்தைக் கிளறியது.

எண்பது வயதை அண்மித்த வேளையில் அவர் செய்த இன்னொரு செயல் அதிகம் பேசப்படுவதில்லை. கறுப்புப் பட்டியற் காலத்தைப் பற்றி அவர் ஒரு திரைக்கதை எழுதினார். அதன் நாயகன் கம்யூனிஸ்டாக இருந்த ஒரு நெறியாளன். இர்வின் விங்க்லர் அதனைப் படமாக்கியபோது நாயகனைக் கம்யூனிஸ்ட் அல்லாதவனாக, தவறாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு தாராளவாதியாக மாற்றினார். றொபேட் டி நீரோ நடித்து, ‘கில்ற்றி பை சஸ்பிஷன்’ என்னும் பெயரில் 1991இல் அது வெளிவந்தது. பார்வையாளரின் அனுதாபத்தைப் பெறுவதற்கு அம்மாற்றம் வசதியானது. ஆனால், நாயகன் குற்றமற்றவன் என்பதனாலேயே அவனுக்கு இழைக்கப்பட்டது அநீதி என்றால், மெய்யாகவே கட்சியில் இருந்தவனுக்கு அதனை இழைத்தது நீதியாகிவிடும். குழு கூறியதும் அதையே. பொலொன்ஸ்கி அப்படத்திலிருந்து தம் பெயரை நீக்கிவிடுமாறு கூறினார். படம் அவர் பெயரின்றியே வெளிவந்தது.